எட்டுக்கு ஒன்று

ஹுந்தரில் நான் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு முள்தோட்டம். இடுப்புயரக் கல்சுவர், உள்ளே நாலு வரிசைப் புதர், சுற்றிலும் நெடுநெடுவென்று பாப்ளார் மரங்கள். காலை ஆறு மணிக்கு, கையில் உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரோடு அங்கே போய் நின்றேன். சில புதர்களில் பழைய தண்ணீர் பாட்டில்களைக் கட்டி வைத்திருந்தார்கள். கழுத்தில் சணல் கயிறு இறுக்கி, நிமிர்ந்த வாக்கில். எண்ணிப் பார்த்தேன், ஆறு. ஒவ்வொன்றிலும் பாதிக்குத் தண்ணீர், தண்ணீருக்குள் இன்னொரு முள்குச்சி.

திருஷ்டிக்குத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நம் பக்கம் புது வீட்டுக்குப் பூசணிக்காயும் காய்க்கிற மரத்துக்குப் பழைய செருப்பும் கட்டுவார்களே, அந்த மாதிரி. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி மகனைக் கூப்பிட்டார். அவன் வந்து, பாதி இந்தியும் பாதி சைகையுமாகச் சொன்னான்:

"அது மாப்பிள்ளை, அச்சோ-லே. ஆத்தங்கரையிலேருந்து கொண்டுவந்து வெச்சிருக்கோம். இங்கே இருக்கிறது அத்தனையும் பொண்ணு."

லடாக்கில் அண்ணன் 'அச்சோ', தம்பி 'நோனோ', அம்மா 'ஆமா'. மரியாதை வேண்டுமானால் பின்னால் ஒரு 'லே' சேர்க்க வேண்டும். ஆகவே அந்தப் பையன் எனக்கு நோனோ, அவன் அம்மா ஆமா-லே. ஊரின் பெயரும் லே, வணக்கம் சொல்வதும் ஜூலே. நான் திருநெல்வேலிக்காரன். எங்கள் ஊரில் 'ஏலே' என்றால் உரிமை, இல்லாவிட்டால் அதட்டல். இங்கே அதே எழுத்து கைகூப்புகிறது. விமானத்திலிருந்து இறங்கிய முதல் இரண்டு நாளும் உயரத்துக்கு உடம்பைப் பழக்க அறையிலேயே கிடந்தேன். வாசலில் யாராவது லே போட்டுப் பேசும்போதெல்லாம் ஊர்க்காரன் எவனோ வந்துவிட்டான் என்று எட்டிப் பார்த்ததுதான் மிச்சம்.

ஹுந்தர் இருக்கும் நுப்ராப் பள்ளத்தாக்குக்கு இது என் இரண்டாவது பயணம். லேயிலிருந்து ஹுந்தர் சுமார் 125 கிலோமீட்டர். நடுவில் கர்துங் லா கணவாய். கணவாயில் நிற்கும் பலகை சொல்லும் உயரத்தை நம்ப வேண்டாம். அளந்து பார்த்தவர்கள் சொல்வது 5,359 மீட்டர். மூச்சு வாங்க அதுவே போதும். ஓட்டுநர் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க விடவில்லை. மே மாதத்திலும் சாலையின் இரு பக்கமும் ஆளுயரப் பனிச்சுவர். பிறகு இறக்கம், இறக்கம், காது அடைத்துத் திறக்கும் இறக்கம். கல்சார் தாண்டியதும் ஷியோக் ஆறு கீழே நரைத்த பாயை விரித்தது போலக் கிடந்தது. டிஸ்கிட்டில் 32 மீட்டர் உயர மைத்ரேய புத்தர் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. சென்ற முறை பார்த்தாயிற்று.

சென்ற முறை வந்தது செப்டம்பரில். அப்போது ஷியோக் கரையெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. இதே முள்செடி, சீபக்தார்ன், பழுத்திருந்தது. கிளையே தெரியாத அளவுக்கு, சோளக்கதிரில் மணி பிடித்த மாதிரி, பழம். ரஷ்ய மொழியில் இதற்கு 'ஒப்லெபீகா' என்று பெயர். சுற்றிலும் ஒட்டிக்கொண்டது என்று பொருள். பார்த்தவர்களுக்கு வேறு பெயர் தோன்றாது. பெண்கள் புதரடியில் துணி விரித்து, கழியால் கிளையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கையால் பறிக்க முடியாது; விரல் நீளத்துக்கு முள், பழத்தைத் தொட்டாலே நசுங்கும். ஒன்றை வாயில் போட்டேன். புளியும் எலுமிச்சையும் சண்டை போட்ட புளிப்பு, பின்னால் ஓர் எண்ணெய்க் கசிவு. நிறையப் படம் எடுத்துக்கொண்டேன். ஒரு புதரில் பழம் இருக்கிறது, பக்கத்துப் புதர் வெறுமையாக இருக்கிறது என்பது படங்களில் தெளிவாகத் தெரியும். அது ஏன் என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை.

லடாக்கியில் செடி 'செர்மாங்', பழம் 'செஸ்தாலூலூ'. தாவரவியல் பெயர் ஹிப்போஃபே. கிரேக்க மொழியில் குதிரையை மினுக்குவது என்ற கருத்து வரும்; தின்ற குதிரைக்கு ரோமம் பளபளத்ததாம். இந்தியாவில் மூன்று இனம் உண்டு. நுப்ராவில் நாம் காண்பது ராம்னாய்டெஸ். லடாக்கில் 11,000 ஹெக்டேருக்கு மேல் இது தானாக வளர்ந்து கிடக்கிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். 2023இல் லடாக் சீபக்தார்னுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழச்சாறு, ஜாம், எண்ணெய், முகப்பூச்சு என்று லே கடைத்தெருவில் எதை எடுத்தாலும் அட்டையில் இந்த ஆரஞ்சு மணிகள்தான்.

மணலில், கூழாங்கல்லில், மழையே இல்லாத ஊரில் எப்படி இவ்வளவு செழிக்கிறது என்றால், வேர் முடிச்சில் குடியிருக்கும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கிறது. நம் கடற்கரைச் சவுக்கு மரத்தின் வேரிலும் இருப்பது அதே ஃபிராங்கியாதான். சவுக்குத் தோப்பும் இந்த முள்காடும் ஒரு வகையில் ஒரே கடையில் கணக்கு வைத்திருக்கின்றன.

பின்தோட்டத்துக்கு வருகிறேன். ஆறு வருடம் முன்பு அந்தப் பையனும் அவன் அப்பாவும் சேர்ந்து போட்டது. காட்டுப் புதரில் முள்ளில் கிழிபட்டுப் பறிப்பதற்குப் பதில், வீட்டோடு ஒரு தோட்டம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று யோசனை. ஆற்றங்கரைக்குப் போய், செப்டம்பரில் எந்தப் புதர் அதிகம் காய்க்கிறது, எதில் பழம் பெரிது, எதில் முள் குறைவு என்று பார்த்து வைத்துக்கொண்டார்கள். குளிர் முடியும் நேரத்தில், கண் விடுவதற்கு முன், அந்தப் புதர்களிலிருந்து மட்டும் பென்சில் தடிமனில் போத்து வெட்டி வந்தார்கள். வேர் பிடித்ததில் தேறியவை நாற்பது. நாலாவது வசந்தத்தில் பூத்தது. ஆமா-லே விளக்கேற்றி வைத்தாராம். செப்டம்பரில் நாற்பது செடியிலும் சேர்த்து ஒரு கிண்ணம் பழம்கூட இல்லை.

தண்ணீர் போதவில்லை என்று வாய்க்காலைத் திருப்பினார்கள். எரு போதவில்லை என்று யாக் சாணத்தைக் கொட்டினார்கள். அடுத்த வருடமும் அதே கதை. பிறகு வேறு வேலையாக ஊருக்கு வந்த ஒரு வேளாண் அலுவலர் சுவருக்கு வெளியே நின்றபடியே கேட்டிருக்கிறார்: "ஆண் எங்கே?"

நன்றாகக் காய்த்த செடியிலிருந்து மட்டும் போத்து வெட்டினால் வருவது அத்தனையும் பெண். போத்துக்குத் தாய்ச்செடி எதுவோ அதுதான் பால். யோசித்துப் பார்த்தால் இது மடத்தனத்தால் வந்த தவறில்லை, அக்கறையால் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததை வெட்டியிருந்தால் நாலைந்து ஆணாவது கலந்திருக்கும்.

எனக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய அவசியமில்லை. நான் பனங்காட்டில் வளர்ந்தவன். எங்கள் பக்கம் ஆண்பனையை அலகுப்பனை என்போம், பெண்ணைப் பருவப்பனை என்போம். பனை பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும். அதுவரை அது ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அலகுப்பனைக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. காய்க்காவிட்டாலும் பாளை சீவினால் பதநீர் தரும். அதனால் வெட்ட மனம் வராது. பப்பாளிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆண், பெண் தனித்தனியாக வரும் பப்பாளி ரகத்தில் இருபது பெண்ணுக்கு ஓர் ஆணை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கச் சொல்வார்கள். எங்கள் அப்பா அந்த ஒன்றையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டு, 'சும்மா நின்னு எருவைத் திங்குது' என்றார். அந்த வருடம் எங்களுக்குப் பப்பாளி கிடைத்தது என்றால் அது அடுத்த வீட்டுத் தோட்டத்து ஆணின் புண்ணியம்.

காலை உணவாகக் கம்பீர் ரொட்டியும் ஆப்ரிகாட் ஜாமும் சாப்பிட்டுவிட்டு, நோனோவோடு ஆற்றுக்கு நடந்தேன். ஒன்றரை கிலோமீட்டர் இறக்கம். வயல்களில் உழவு நடந்துகொண்டிருந்தது. ஆப்ரிகாட் பூ உதிர்ந்து வாய்க்காலில் மிதந்து வந்தது. மணல்மேடு தொடங்கும் இடத்தில் இரட்டைத் திமில் ஒட்டகங்கள் சுற்றுலாப் பயணிகளுக்காகக் காத்து உட்கார்ந்திருந்தன. யார்க்கந்துக்கு வணிகம் நடந்த காலத்தில் சுமை தூக்கிய கூட்டத்தின் வாரிசுகள். ஆள் வராத நேரத்தில் எழுந்து போய் இதே முள்புதரைத்தான் மேய்கின்றன. அந்த முள்ளை எப்படித்தான் மெல்லுமோ.

"இதைப் பாருங்க" என்று ஒரு கிளையை வளைத்துப் பிடித்தான் நோனோ. இலை இன்னும் சரியாக வரவில்லை. நுனியில் வெள்ளி முளை மட்டும். கிளை நெடுக மொட்டு. மிளகு பருமனுக்குத் தடித்து, துருப்பிடித்த நிறத்தில், செதில் மேல் செதிலாக அடுக்கி, குட்டிச் சவுக்குக்காய் போல. "இது ஆம்பளை." நாலடி தள்ளி அடுத்த புதர். அதில் மொட்டு பாதிகூட இல்லை. ஒல்லியாக, இரண்டே செதில் மூடி, கிளையோடு ஒட்டிக் கிடந்தது. "இது பொம்பளை." ஒரு முறை காட்டிவிட்டால் அப்புறம் பத்தடி தூரத்திலிருந்தே தெரிகிறது. அரை மணி நேரத்தில் நான் வழியெல்லாம் ஆண், பெண், ஆண், ஆண் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவன் ஓரிரு முறைதான் திருத்தினான்.

திறந்திருந்த ஆண் பூவைக் கைபேசியின் உருப்பெருக்கியில் பார்த்தோம். இதழ் கிடையாது, வாசனை கிடையாது, தேன் கிடையாது. இரண்டு புல்லிகள் கிண்ணம் போலக் குவிந்து, நுனியில் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. உள்ளே நாலு மகரந்தத் தாள். மகரந்தம் மொட்டுக்குள்ளேயே உதிர்ந்து கிண்ணத்தின் அடியில் சேர்ந்துவிடுகிறது. ஈரமான நேரத்தில் புல்லிகள் இறுகி மூடிக்கொள்கின்றன. வெயில் காய்ந்து காற்று கிளம்பியதும் பக்கவாட்டில் ஒரு பிளவு விடுகிறது. நுனி அப்போதும் ஒட்டியே இருக்கும், குடை மாதிரி. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்போது மகரந்தத்தை வாரிக்கொண்டு போகிறது. நாங்கள் போனபோது பிளவு மூடியிருந்தது. பதினொரு மணிக்கு மேல் பள்ளத்தாக்குக் காற்று ஏறியது. நோனோ அதே கிளையை விரலால் சுண்டினான். மஞ்சள் பொடி ஒரு கொத்தாக எழும்பி, என் கறுப்புச் சட்டையில் வந்து படிந்தது.

பெண் பூ இன்னும் எளிமை. ஒரு பச்சை மஞ்சள் குப்பி, அதிலிருந்து நாக்கு நீட்டிய மாதிரி ஒரே ஒரு சூல்முடி. உள்ளே ஒரே ஒரு சூல். அதனால் ஒரு பழத்துக்கு ஒரே ஒரு விதை. நாம் சப்பிச் சாப்பிடும் சதை, அந்தக் குப்பியின் சுவரே தடித்து வளர்ந்ததுதான். கணக்கு இப்படி முடிகிறது: செப்டம்பரில் நான் படம் எடுத்த கிளையில் ஐந்நூறு பழம் இருந்திருந்தால், மே மாதத்தில் ஐந்நூறு தடவை ஒரு மகரந்தத் துகள் காற்றில் வந்து சரியாக ஒரு நாக்கில் உட்கார்ந்திருக்கிறது. தேனீயைக் கூட்டிவந்து வேலை வாங்க வழியில்லை, தேனீக்கு இங்கே கூலி இல்லை. காற்று ஒன்றே தரகர். பெண் பூ காத்திருப்பது சில நாள்தான். மேலும் கீழுமாக ஒரு காட்டின் பூப்பு முழுவதும் பத்துப் பன்னிரண்டு நாளில் முடிந்துபோகும்.

வீட்டுத் தோட்டத்தில் ஏன் காய்க்கவில்லை என்பது அங்கே நின்று மேலே பார்த்தபோது விளங்கியது. ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கில் ஆண் நிற்கிறது, ஆனால் தூரம் போகப் போக மகரந்தம் மெலிகிறது. மெலிந்து வந்ததையும் காற்றுத் தடுப்புக்காக நட்ட பாப்ளார் வரிசை வாங்கிக்கொள்கிறது. காற்றைத் தடுத்தால் செடி பிழைக்கும் என்று நினைத்து நட்டது. காற்றில் வருவதையும் அது தடுத்துவிட்டது.

"எத்தனை பொண்ணுக்கு ஒரு ஆண் வேணும்?" என்றேன்.

"ஆறு, ஏழு, எட்டு. நாங்க எட்டுன்னு வெச்சிருக்கோம்."

உலகம் முழுக்க ஏறக்குறைய இதே கணக்குத்தான். வரிசைக்கு வரிசை 4 மீட்டர், செடிக்குச் செடி 2 மீட்டர் என்று நட்டு, மூன்றாவது வரிசைக்கு ஒரு முறை, அதில் மூன்றாவது குழிக்கு ஒன்று ஆண் வைப்பார்கள். இதைக் கேட்டதும் எனக்கு நவக்கிரக மேடைதான் நினைவுக்கு வந்தது. நடுவில் சூரியன், சுற்றிலும் எட்டு. யாருக்கும் யாரும் ரொம்பத் தூரமில்லை. காற்று ஒரே திசையிலிருந்து வரும் இடமாக இருந்தால் அந்தப் பக்க ஓரத்தில் கூடுதலாகச் சில ஆண். நுப்ராவில் மத்தியானக் காற்று பள்ளத்தாக்கின் வாக்கில் அடிக்கும். எந்த ஓரம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, பாப்ளார் சாய்ந்திருப்பதைப் பார்த்தால் போதும்.

எட்டுக்கு ஒன்று என்பதோடு கதை முடியவில்லை. எந்த ஆண் என்று ஒரு கேள்வி இருக்கிறது. சைபீரியாவின் அல்தாய் பகுதியில் 1930களிலிருந்து சீபக்தார்னில் ரகம் பிரித்து வருகிறார்கள். பழத்துக்குத் தனி ரகங்கள் இருப்பது போல ஆணுக்கும் தனி ரகம் உண்டு. அங்கே முள் இல்லாத ஆண் ஒன்றுக்கு 'அலெய்' என்று ஓர் ஆற்றின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 'லைகோரா', 'ஹெர்கோ' என்ற பெண் ரகங்களோடு 'போல்மிக்ஸ்' என்ற ஆண் வரிசையையும் எண் போட்டு விற்கிறார்கள், பூக்கும் நாளுக்கு நாள் பொருந்தும்படி. சைபீரியச் செடி வெயிலின் முதல் சூட்டிலேயே விழித்துக்கொள்ளும். ஐரோப்பியக் கரையோரச் செடி நிதானமாக எழுந்திருக்கும். ஒன்றைப் பெண்ணாகவும் மற்றதை ஆணாகவும் பக்கத்தில் நட்டால் ஒருவர் கதவைச் சாத்திய பிறகுதான் மற்றவர் வந்து தட்டுவார். இன்னொரு சங்கதி: குளிர்காலத்தின் நடுவில் திடீரென்று உருகி மறுபடி உறைந்தால், முதலில் சேதமாவது ஆண் மொட்டு. பெண் மொட்டு தாங்கிவிடும். ஆகவே ஒரே ஆணின் போத்தையே தோட்டம் முழுக்க வைப்பதும் சூதாட்டம்தான்.

விதை போட்டு வளர்த்தால் இந்தக் கவலை இல்லை. ஆணும் பெண்ணும் ஏறக்குறையப் பாதிப் பாதி வரும். ஆனால் எது எது என்று தெரிய மூன்று நாலு வருடம் காத்திருக்க வேண்டும். தெரிந்த பிறகு பாதி நிலத்தில் ஆண் நிற்கும். காலே அரைக்கால் ஏக்கர் வைத்திருப்பவன் அதை எப்படித் தாங்குவான்? இதற்காகத்தான் லேயில் உள்ள பாதுகாப்புத் துறையின் உயர்மலை ஆய்வகத்தாரும் பாலம்பூரின் இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தாரும் சேர்ந்து, நாற்றிலேயே இலையின் மரபணுவைப் பார்த்துப் பால் பிரிக்கும் அடையாளக் குறிகளை 2012இல் வெளியிட்டார்கள். நாற்றங்காலுக்கு அது பெரிய வரம். நோனோ வீட்டுக்கு அது தேவையே இல்லை. ஆற்றங்கரையில் பூத்து நிற்கும் ஆணிலிருந்து போத்து வெட்டினால் போதும். பக்கக்கன்று தோண்டினாலும் சரி. ஒரு எச்சரிக்கை மட்டும்: இந்தச் செடி வேரிலிருந்து கன்று விட்டுக்கொண்டே பரவும். தனித்தனிப் புதர் போலத் தெரியும் இருபது, ஒரே வேரின் பிள்ளைகளாக இருக்கலாம். ஒரே இடத்தில் தோண்டினால் இருபதும் ஆணாக வரும், இல்லாவிட்டால் இருபதும் பெண்ணாக வரும்.

திரும்பும் வழியில் ஒரு திருப்பத்தில் வெட்டிய அடிக்கட்டைகள் கிடந்தன. முப்பது நாற்பது இருக்கும். கல்சுவர்களின் மேல் வரிசையாக வைத்திருந்த முள் அங்கிருந்து வந்ததுதான். லடாக்கில் வேலிக்கும் குளிர்கால அடுப்புக்கும் இந்த முள்தான் துணை. தப்பு ஒன்றுமில்லை, மரமே இல்லாத ஊரில் வேறு என்ன செய்வார்கள். நான் கேட்டது வேறு.

"எதை வெட்டுவீங்க?"

"காய்க்காததை."

சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான். பழத்துக்கு விலை வருவதற்கு முன் இரண்டையும் சமமாக வெட்டினார்களாம். விலை வந்தது, பெண்ணுக்குக் காவல் வந்தது, வெட்டெல்லாம் ஆண் பக்கம் திரும்பிவிட்டது. இப்படியே இன்னும் சில வருடம் போனால் ஆற்றங்கரைப் பழமும் குறையும், அப்போதும் தண்ணீரையும் எருவையும்தான் குறை சொல்வார்கள் என்பது என் அனுமானம். பக்கத்துக் காஷ்மீரில் இதற்கு நேர் எதிர். அங்கே மே மாதத்தில் பஞ்சு பறக்க விடுகிறது என்று பெண் பாப்ளார் மரங்களை வெட்டச் சொல்லி 2015இல் உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. பஞ்சு விடுவது பெண், வெட்டுப்பட்டது பெண். இங்கே பழம் விடாதது ஆண், வெட்டுப்படுவது ஆண். மரத்துக்கு வம்பு எப்போது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது.

வெட்டாமல் இருக்க ஆணுக்கும் ஒரு வருமானம் வேண்டும் என்பதுதான் நடைமுறை. அது இல்லாமலில்லை. சீபக்தார்ன் இலையைக் காயவைத்துத் தேநீர்த் தூளாக விற்கிறார்கள். பழத்துக்கு இலையும் தேவை என்பதால் பெண்ணிடம் அதிகம் கிள்ளக்கூடாது. ஆணிடம் பூத்து ஓய்ந்த பிறகு கிள்ளலாம். பனைக்குப் பதநீர் போல, இதற்கு இலை. எனக்கு அந்தத் தேநீரின் ருசி பிடிக்கவில்லை, வைக்கோல் ஊறின தண்ணீர் மாதிரி இருந்தது. ஆனால் டிஸ்கிட் கடையில் இரண்டு பொட்டலம் வாங்கினேன்.

மொட்டு இலையுதிர் காலத்திலேயே கிளையில் வந்துவிடும். வசந்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதாவது விறகுக்கு வெட்டப்போகும் குளிர்காலத்தில்தான் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது மிகச் சுலபம், இலை மறைக்காது. அந்த நேரத்தில் நாலு சுவர் நீளத்துக்கு ஓர் ஆண் என்று துணி கட்டி விட்டுவைத்தால் போதும். நோனோ ஊர்க் கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்கிறானாம். பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள், செய்வார்களா தெரியாது என்றான். ஆமா-லே இடையில் புகுந்து என்னவோ சொன்னார். அவன் மொழிபெயர்க்கவில்லை. முகத்தைப் பார்த்தால் பெரியவர்களைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

மாலையில் மறுபடி பின்தோட்டம். வரிசைகளுக்கு நடுவில் முழங்கால் உயரத்தில் ஐந்து புதுக் கன்றுகள், ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல். நாற்பதுக்கு ஐந்து. சென்ற வருடம் நட்டது. பூக்க இன்னும் இரண்டு மூன்று வருடமாகும். அதுவரை என்ன செய்வது? அதற்குத்தான் பாட்டில். பூக்கும் பருவத்தில் ஆற்றங்கரை ஆணிலிருந்து, பிளவு விடத் தயாராக இருக்கும் குச்சிகளை வெட்டி வந்து தண்ணீரில் நட்டுக் கட்டிவிடுகிறார்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை குச்சி மாற்ற வேண்டும். பாப்ளார் வரிசையில் இரண்டு மரத்தைக் கழித்துக் காற்றுக்கு வாசலும் திறந்திருந்தார்கள். நானும் ஒரு பாட்டில் கட்டிக் கொடுத்தேன். முடிச்சு சரியில்லை என்று ஆமா-லே அவிழ்த்துவிட்டுத் தானே கட்டினார்.

கிளம்பும்போது நோனோவிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: பழம் வந்தால் படம் அனுப்பு. மறந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் கடைசியில், கைபேசியில் பதினொரு படம் வந்தது. பாட்டில் கட்டாத செடிகளில் அங்கொன்றும் இங்கொன்றும். பாட்டில் கட்டிய செடிகளில் எல்லாம் பழம் அப்பியிருந்தது, ஆனால் செடி முழுக்க இல்லை. பாட்டிலிலிருந்து காற்று போன பக்கத்தில் மட்டும்.